குரல்கள் நின்றுவிட்டன, தம்பி இன்னும் எழுந்திருக்கவில்லை

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கூட வேலை செய்பவர்கள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றும், இரவில் தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றும் சொல்லத் தொடங்கினான். ஊருக்கு அழைத்துவந்து மனநல மருத்துவரிடம் காட்டினோம். ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்றார். இரவில் ரிஸ்பெரிடோன் 6 மி.கி., காலையும் இரவும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. கொடுத்து வருகிறோம். இரண்டே மாதத்தில் குரல்கள் நின்றுவிட்டன, சந்தேகமும் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து படுத்தே கிடக்கிறான். பதினொரு மணிக்குத்தான் எழுகிறான். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில். சொன்னால்தான் குளிக்கிறான். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நடக்கும்போது கையை வீசுவதில்லை. தலையணை எச்சிலால் நனைந்திருக்கிறது. என் மகள் மடியில் போய் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் விளையாடுகிறான். அப்பா ‘சோம்பேறி’ என்று திட்டுகிறார். சித்தப்பா, ‘மாத்திரைதான் பிள்ளையை மரக்கட்டை ஆக்கிவிட்டது, நிறுத்துங்கள்’ என்கிறார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றும் வீட்டில் பேச்சு நடக்கிறது. யோசித்துப் பார்த்தால், படிப்பின் கடைசி வருடத்திலேயே நண்பர்களை விட்டு விலகி, ஷட்டில் ஆடப் போவதையும் நிறுத்தியிருந்தான். இது மாத்திரையால் வந்ததா? நிறுத்தினால் பழைய தம்பி கிடைப்பானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று இரவும் மாத்திரையைக் கொடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். உங்கள் சித்தப்பா சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மைக்கு அவர் சொல்லும் தீர்வு ஆபத்தானது. அப்பா சொல்லும் ‘சோம்பேறி’ என்பதில் உண்மையே இல்லை.

இந்த நோயின் அறிகுறிகளை நாங்கள் இரண்டு கூட்டமாகப் பார்க்கிறோம். இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் வருவது போன்று புதிதாக வந்து சேர்பவை நேர்மறை அறிகுறிகள். இருந்தது குறைந்துபோவது எதிர்மறை அறிகுறி. முகத்திலும் குரலிலும் உணர்ச்சி தெரியாமல் போவது, பேச்சு சுருங்குவது, எதையும் தொடங்கும் முனைப்பு போவது, மனிதர்களை நாடாமல் இருப்பது, இன்பத்தை எதிர்பார்க்கும் ஆசை மங்குவது என்று இவற்றை ஐந்தாகப் பிரிப்பது இன்றைய வழக்கம். உங்கள் கடிதத்தில் ஐந்துமே இருக்கின்றன. குரல் கேட்டு அலறும் பிள்ளையை வீடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகும். படுத்துக் கிடக்கும் பிள்ளையை ‘இப்போது அமைதியாக இருக்கிறான்’ என்று விட்டுவிடும். வேலையையும் உறவுகளையும் படிப்பையும் அதிகம் பறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான்.

இவை மாத்திரையால் வருகின்றனவா, நோயால் வருகின்றனவா? இரண்டாலும் வரும். வேறு காரணங்களாலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். எந்த வழியில் வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு, நிறுத்துவதானாலும் இன்னும் கூட்டுவதானாலும், குருட்டு முடிவாகத்தான் இருக்கும்.

நோயைப் பற்றி முதலில் சொல்கிறேன். மனநோய்க்கான முதல் மாத்திரையான குளோர்புரோமசின் 1952-இல் பாரீஸில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1926-இலேயே இறந்துவிட்டார். மாத்திரை என்ற ஒன்றே இல்லாத அந்தக் காலத்தில், இந்த நோயாளிகளிடம் மன உறுதியும் உணர்ச்சியும் வற்றிப்போவதை அவர் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் மான்ஹைம் நகரில் ஹைன்ஸ் ஹெஃப்னர் குழுவினர் செய்த ஆய்வு, குரல்கள் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே விலகலும் முனைப்பின்மையும் பலருக்குத் தொடங்கிவிடுவதைக் காட்டியது. உங்கள் தம்பி ஷட்டிலை விட்டது படிப்பின் கடைசி வருடத்தில். அப்போது அவர் ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை. எனவே இந்த நிலையில் ஒரு பங்கு நோய்க்கே உரியது. நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரி, ஒரு மருத்துவருக்குப் பெரிய தகவல். அடுத்த முறை போகும்போது அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. சந்தேகமும் குரல்களும் வரும்போது மூளையின் ஆழத்தில் ஒரு பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருள் மிகையாகச் சுரக்கிறது. மாத்திரை அந்த டோபமைன் போய்ச் சேரும் இடங்களை அடைத்துவிடுகிறது. அதனால்தான் ‘சாப்பாட்டில் கலந்துவிட்டார்கள்’ என்ற எண்ணம் மெல்ல வலுவிழக்கிறது. ஆனால் ஒன்றை அடைய வேண்டும் என்ற உந்துதலைத் தருவதும், கை கால் அசைவைச் சரளமாக்குவதும் அதே டோபமைன்தான். மூளையின் முன்பகுதியில் அது ஏற்கெனவே குறைந்திருப்பதுதான் எதிர்மறை அறிகுறிகளுக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே அடைப்பு அதிகமானால் சந்தேகத்தோடு முனைப்பும் சேர்ந்து அடங்கிவிடலாம். நோயே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு ஆய்வுக்காக ஹாலோபெரிடால் அல்லது ரிஸ்பெரிடோன் ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்தபோது, அவர்களிடமும் எதிர்மறை அறிகுறி போன்ற மந்தம் தென்பட்டது. ‘மாத்திரை போட்டால் உள்ளே ஒன்றுமே தோன்றமாட்டேன் என்கிறது’ என்று நோயாளிகள் சொல்லும்போது அதை நான் புகாராக ஒதுக்குவதில்லை. அது நேரடி அனுபவம்.

எவ்வளவு அடைத்தால் போதும் என்பதற்கு மூளை ஸ்கேன் ஆய்வுகள் ஓர் உத்தேசக் கணக்கைத் தந்திருக்கின்றன. டோபமைன் போய்ச் சேரும் இடங்களான ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் அடைபட்டால் குரல்கள் குறையத் தொடங்குகின்றன. 80 சதவீதத்தை நெருங்கினால் உடல் விறைப்பும் மந்தமும் வருகின்றன. இடையில் இருக்கும் இடைவெளி சிறியது. மருந்தின் அளவைச் சரிசெய்வது என்பது அந்தச் சிறிய இடைவெளிக்குள் ஒருவரை நிறுத்தும் வேலை. நோய் முற்றிய நாட்களில் தேவைப்பட்ட அளவு, அடங்கிய பிறகும் அப்படியே தொடர்வதை நம் ஊரில் நிறையப் பார்க்கிறேன். மருந்துச் சீட்டு மாதாமாதம் அப்படியே திரும்ப எழுதப்படுகிறது. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காத நிலையில் இது நடக்கிறது. ‘குரல் கேட்கிறதா? தூங்குகிறாரா? சரி, அதே மாத்திரை’ என்று முடிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தவை மூன்று: கை வீசாமல் நடப்பது, நனையும் தலையணை, அசையாத முகம். மூன்றும் சேர்ந்தால் முதலில் நினைக்கவேண்டியது மாத்திரையால் வரும் பார்க்கின்சன் போன்ற நிலையை. இதில் முகத் தசைகள் மெதுவாக அசைவதால் உள்ளே உணர்ச்சி இருந்தாலும் வெளியே தெரியாது. எச்சில் அதிகம் ஊறுவதைவிட, அதை விழுங்குவது குறைந்துபோவதே தலையணை நனைவதற்குக் காரணம். நாற்காலியிலிருந்து எழவும் சட்டைப் பொத்தான் போடவும் நேரம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கிப் பார்த்து விறைப்பைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கு ஒரு நிமிட வேலை. கடிதத்தை வைத்து இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மட்டும் சொன்னால் எதுவும் புரியாது. ‘ஐயா, குரல் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. கை வீசி நடப்பதில்லை, எச்சில் வடிகிறது, பதினொரு மணிவரை தூங்குகிறான். விறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியுமா, அல்லது வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா?’ என்று கேளுங்கள். முதல் முறை நோய் வந்த பலருக்கு ரிஸ்பெரிடோன் 6 மி.கி.க்குக் குறைவான அளவிலேயே பலன் கிடைப்பதுண்டு. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் விறைப்பைத் தணிக்கத் தரப்படுவது. விறைப்பு குறைந்தபின் அதுவும் தேவையா என்று கேளுங்கள், ஏனென்றால் அது நீண்டநாளில் ஞாபகசக்தியை மந்தமாக்கும், மலச்சிக்கலும் தரும். அதையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது.

இப்போது சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். முற்றிலும் நிறுத்தினால் என்ன ஆகும்? 65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான முடிவு இது: ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், மருந்துக்குப் பதிலாக வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதம். ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் மீண்டு வருவது பலருக்குக் கடினமாகிறது. வேலை போகிறது, நம்பிக்கை போகிறது, எதிர்மறை அறிகுறிகளும் ஆழமாகின்றன. எழுந்து நடமாடவேண்டும் என்று நிறுத்தியவர், இன்னும் ஆழமாகப் படுத்துவிடுவார்.

அளவைக் குறைப்பது பற்றி ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் முதல் முறை நோய் கண்டு சரியானவர்களில் 103 பேரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தைக் குறைத்துக்கொண்டவர்களில் 40 சதவீதம் பேர் மீட்சி அடைந்திருந்தார்கள். அதே அளவில் தொடர்ந்தவர்களில் 18 சதவீதம்தான். வித்தியாசம் இருந்தது அன்றாட வாழ்க்கையை நடத்தும் திறனில். ஆனால் 2023-இல் இங்கிலாந்திலிருந்து வந்த, 253 பேரைக் கொண்ட ஆய்வில், குறைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் சமூக வாழ்க்கை மேம்படவில்லை, நோய் திரும்பியது மட்டும் அதிகமாக இருந்தது. இங்கிலாந்து ஆய்வில் இருந்தவர்கள் நீண்டகால நோயாளிகள், நெதர்லாந்தில் இருந்தவர்கள் நோய்க்குப் புதியவர்கள். ஆகவே நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: சிலருக்குக் குறைப்பது நல்லது, யாருக்கு என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது, அதனால் சிறிது சிறிதாக, மாதக்கணக்கில், ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்கும்போது மட்டுமே குறைக்கவேண்டும். உங்கள் தம்பிக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அது சாதாரண விஷயம் இல்லை.

மாத்திரையும் நோயும் போக வேறு காரணங்களையும் தேடவேண்டும். குரல்கள் உண்மையிலேயே நின்றுவிட்டனவா? வெளியே சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. பயத்தால் அறைக்குள் முடங்குவதும் வெளியிலிருந்து பார்த்தால் இதே மௌனம்தான். அப்படியானால் மருந்து இன்னும் சரியாக வேலை செய்யவேண்டும் என்று பொருள், குறைப்பது தவறாகிவிடும். அடுத்தது மனச்சோர்வு. எதிர்மறை அறிகுறி உள்ளவர் பெரும்பாலும் வருத்தமாக இருப்பதாகச் சொல்வதில்லை, வெறுமையாக இருக்கிறது என்பார். மனச்சோர்வில் குற்ற உணர்வும் நம்பிக்கையின்மையும் இருக்கும். தன் வேலையும் நண்பர்களும் போய்விட்டதை 27 வயதில் உணரும் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் அதில் வியப்பில்லை. ‘வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோன்றுகிறது என்று சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றுக்கும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், செய்ய ஒன்றுமில்லாத நாட்கள். 1960-களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் செய்த ஆய்வில், நாள் முழுவதும் சும்மா இருக்க விடப்பட்டவர்களிடம் ஒடுக்கம், அதாவது பேச்சும் முனைப்பும் சுருங்கிப்போவது, அதிகமாக இருந்தது. அவர்களுக்கு வேலையும் மனிதத் தொடர்பும் கூடியபோது ஒடுக்கம் குறைந்தது. உங்கள் தம்பி படுத்திருக்கும் அறையும், வேளாவேளைக்குத் தட்டில் சோறு போய்ச் சேரும் ஏற்பாடும், அன்பினால் செய்தாலும், அதேபோன்ற ஒரு சிறிய மருத்துவமனையாகிவிடக்கூடும்.

‘இதற்கென்றே மாத்திரை இல்லையா?’ என்று கேட்பீர்கள். நேராகச் சொல்கிறேன்: நோயிலிருந்தே வரும் எதிர்மறை அறிகுறிகளை நன்றாகக் குணமாக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. 2015-இல் 168 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பல மருந்துகளில் கணக்கில் தெரியும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. சில வழிகள் முயன்று பார்க்கத் தக்கவை. காரிப்ரசின் என்ற மருந்தை ரிஸ்பெரிடோனோடு ஒப்பிட்டு, முக்கியமாக எதிர்மறை அறிகுறிகள் மட்டும் உள்ள 461 பேரிடம் 26 வாரங்கள் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. காரிப்ரசின் ஓரளவு மேலாக இருந்தது. அமிசல்பிரைடைக் குறைந்த அளவில் தருவதும் உண்டு. சிலருக்கு மனச்சோர்வு மருந்தைச் சேர்ப்பது கைகொடுக்கும். ஒரு மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாரங்களில் நோய் திரும்பும் அபாயம் உண்டு என்பதால், கடையில் கேட்டு வாங்கி முயலும் விஷயம் இல்லை இது. குளோசபின் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். மற்ற மருந்துகளுக்குக் குரல்கள் அடங்காதவர்களுக்கு அது அருமருந்து. உங்கள் தம்பிக்குக் குரல்கள் அடங்கிவிட்டன, எனவே இப்போது அதற்கு அவசியம் தெரியவில்லை.

உங்கள் மகளைப் பற்றிய வரிக்கு வருகிறேன். அந்தக் குழந்தை மடியில் உட்காரும்போது அவர் விளையாடுகிறார். இந்த நோயில் பலருக்கு, இன்பம் நேரில் வந்து நிற்கும்போது அதை அனுபவிக்கும் சக்தி பெருமளவு மிச்சமிருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குறைந்துபோவது, ‘அங்கே போனால் நன்றாக இருக்கும்’ என்று முன்கூட்டி எண்ணிப் புறப்படும் திறன். ஆகவே ‘உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா’ என்று காத்திருந்தால் அந்த நேரம் வராது. அவருக்குப் பிடித்ததை அவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும்போது அவரையும் உடன் கூட்டிச் செல்லுங்கள். சில வாரங்கள் கழித்து அவர் மட்டும் போய் அழைத்து வரட்டும். ஷட்டில் மட்டையை எடுத்து வாசலில் குழந்தையோடு பத்து நிமிடம் ஆட வையுங்கள். உடற்பயிற்சிக்கும் இந்த அறிகுறிகளில் சிறிது பலன் இருப்பதாகத் தெரிகிறது, மாத்திரையால் எடை கூடுவதைத் தடுக்கவும் அது உதவும். ஒரு வேலை, ஒரே நேரம், தினமும். முடித்ததும் ‘இன்றைக்கு எப்படி இருந்தது?’ என்று கேட்டு, அவர் சொல்லும் ஒரு வார்த்தையை அடுத்த நாள் அவருக்கே நினைவுபடுத்துங்கள். ‘நேற்றுப் போகவே வேண்டாம் என்றாய், போய்வந்த பிறகு பரவாயில்லை என்று நீதானே சொன்னாய்?’ அவரால் தானாக எண்ணிப் பார்க்க முடியாததை நீங்கள் அவருக்காக நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஐயா, உங்கள் மகன் வேண்டுமென்றே படுத்திருக்கவில்லை. குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. வீட்டார் நோயாளியைக் குறைகூறுவதில் பெரும்பகுதி குரல்களைப் பற்றியது இல்லை, இந்த ஒடுக்கத்தைப் பற்றியது. குறைகூறல் மிகுந்த வீடுகளில் நோய் அதிகமாகத் திரும்பியது. நீங்கள் கோபப்படுவது அவர்மேல் உள்ள கவலையால்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கவலையை, காலை எட்டு மணிக்கு அவரை எழுப்பி உங்களோடு டீக்கடைவரை நடக்கவைக்கும் வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கவேண்டியதில்லை. 2014-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் நோயாளிகளின் வீட்டுக்கே போய் உதவினார்கள். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் நிலை ஓரளவு முன்னேறியது. தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது, மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம். இப்போது உங்கள் மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உளவியலாளரையும் சமூகப் பணியாளரையும் கேட்டுச் சந்தியுங்கள். சமூகத் திறன் பயிற்சி, வேலைக்குத் திரும்ப உதவி ஆகியவற்றைப் பற்றி அவர்களிடம் கேளுங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

கல்யாணப் பேச்சை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்து இல்லை. வரப்போகும் பெண்ணிடம் எதையும் மறைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். நாளை உங்கள் தம்பி தானே விரும்பி, நோயைப் பற்றிச் சொல்லியே மணம் செய்துகொள்ள முடியும். அப்படி நல்லபடியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ரிஸ்பெரிடோன் சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும். அக்காவிடமோ அப்பாவிடமோ ஓர் ஆண்பிள்ளை இதைச் சொல்லமாட்டான். அவர் மருத்துவரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுத்து நீங்கள் வெளியே உட்காருங்கள்.

பழைய தம்பி கிடைப்பாரா என்று கேட்டீர்கள். மாத்திரையால் வந்த பங்கு, அளவு சரியானால் சில வாரங்களிலோ மாதங்களிலோ விலகும். முகமும் நடையும் முதலில் மாறும். நோயால் வந்த பங்கு மெதுவாகத்தான் நகரும், சிலருக்கு முழுதாகப் போகாது. அவர் மறுபடி வேலைக்குப் போகலாம், அது ஓசூரின் பழைய ஷிப்ட் வேலையாக இல்லாமல் ஊரிலேயே அரை நாள் வேலையாக இருக்கலாம். மாத்திரையின் அளவைக் குறைத்த பிறகு முதல் ஆறு மாதங்கள் நீங்கள் கண்ணில் வைத்திருக்க வேண்டியவை: இரவுத் தூக்கம் குறைவது, தனியாக முணுமுணுப்பது, தட்டில் வைத்த சோற்றை முகர்ந்து பார்ப்பது அல்லது மற்றவர் சாப்பிட்ட பிறகே சாப்பிடுவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த மாதத் தேதிவரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.